பாட்டு வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்களா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்கு வருடம் முன்பு ஒரு விஜயதசமி. எட்டு வயது மகளுக்குப் பாவாடை சட்டை போட்டு, தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், 101 ரூபாய் வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கர்நாடகப் பாட்டு வகுப்புக்குப் போனேன். "என்ன கட்டை?" என்று கேட்டார்கள். எனக்குப் புரியவில்லை. "எந்தப் பாடாந்தரம் வேணும்னு எண்ணம்? வீட்டுல யாருக்காவது சங்கீத ஞானம் உண்டா?" அதற்கும் பதில் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் வயலில் நின்றவர்கள். "ஞானம் இல்லாத வீட்டுல சாதகம் நடக்காதும்மா, யோசிச்சு வாங்க" என்றார்கள். அங்கே உட்கார்ந்திருந்த மற்ற அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். மகள் வழியெல்லாம் பேசவில்லை.

அடுத்த ஆசிரியர் கிடைக்க எட்டு மாதம் ஆனது. அன்று என்னிடம் கேட்ட சொற்கள் எல்லாவற்றையும் அவர் ஒரே மாலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அந்த எட்டு மாதம் உங்கள் பிள்ளைக்கு வீணாகக் கூடாது. அதற்காகத்தான் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. எங்கே சேர்ப்பது?

நம் பக்கத்தில் வழிகள் பல உண்டு. தனியார் வகுப்பு ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் போகும் சின்னப் பிள்ளை என்றால் ஜவகர் சிறுவர் மன்றத்தை முதலில் விசாரியுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் கீழ் நடப்பது, தஞ்சாவூரில் இருக்கிறது. 5 முதல் 16 வயது வரை சேரலாம். விடுமுறை நாள்களில் வகுப்பு, கட்டணம் பெயருக்குத்தான்.

12 வயதுக்கு மேல் 25 வயதுக்குள், இசையையே முழுமையாகப் படிக்க வேண்டும் என்றால் மாவட்ட அரசு இசைப் பள்ளி. டெல்டாவில் சீர்காழியிலும் திருவாரூரிலும் இருக்கிறது. திருச்சிக்காரர்களுக்குத் திருச்சியிலேயே உண்டு. மூன்று வருடச் சான்றிதழ்ப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வகுப்பு பகலில் நடக்கும். ஏழாவது படிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி இங்கே சேர்த்துவிடாதீர்கள். பள்ளிப் படிப்பு முடிந்தபின் சேர்ப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. என் அக்கா மகன் பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் தவிலுக்குச் சேர்ந்தான்.

பட்டயம், பட்டம் வேண்டும் என்றால் திருவையாறு அரசு இசைக் கல்லூரி, அல்லது சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறை.

தேவாரம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஓதுவார் பயிற்சிப் பள்ளிகள் தனியாக உண்டு. அறநிலையத் துறை நடத்துபவற்றில் தங்குமிடம், சாப்பாடு, ஊக்கத்தொகை எல்லாம் தருகிறார்கள். சேர்க்கை அறிவிப்பைக் கோயில் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள்; சாமி கும்பிடப் போகும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் வகுப்பு என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பு முழுவதும் மூலையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தப்பாகப் பாடிய பிள்ளையிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். என் மகளின் இப்போதைய டீச்சர், தப்பு வந்த இடத்தை மூன்று முறை மெதுவாகப் பாடிக் காட்டுவார், நான்காவது முறை பிள்ளையைப் பாடச் சொல்வார். அதைப் பார்த்துத்தான் சேர்த்தேன். பட்டம், பொன்னாடை, சுவரில் மாட்டிய படங்கள் எதையும் நான் பார்க்கவில்லை.

2. என்னென்ன சான்றிதழ்கள்?

தனியார் வகுப்புக்கு ஒன்றும் தேவையில்லை. அரசுப் பள்ளிக்கு அக்கா மகனுக்காக நாங்கள் கொண்டுபோனவை: மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம். மாதா மாதம் ஊக்கத்தொகை வரும் என்பதால் வங்கிக் கணக்கு கட்டாயம். அரசுப் பேருந்துச் சலுகையும் உண்டு, அதற்குத் தனியாக இரண்டு படம் வைத்துக்கொள்ளுங்கள்.

குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம் ஆகியவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

நாங்கள் மாட்டிக்கொண்டது பெயரில். மாற்றுச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக. ஊக்கத்தொகை கணக்கில் ஏறவில்லை. ஆதாரைத் திருத்தி, அதைக் கொண்டுபோய் வங்கியில் திருத்தி முடிக்க இரண்டு மாதம். அதனால் ஏப்ரல் மாதமே எல்லாத் தாள்களையும் ஒரே மேசையில் பரப்பிப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் அப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளி முடிவுகள் வந்தபின் போனால் ஊரே அங்கே வரிசையில் நிற்கும்.

3. எவ்வளவு செலவு?

அரசு இசைப் பள்ளியில் வருடக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். தனியார் வகுப்பில் எங்களுக்கு மாதம் 600 ரூபாய், வாரம் இரண்டு நாள், ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து. வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லிக்கொடுத்தால் 1500க்கு மேல் கேட்கிறார்கள். விஜயதசமிக்குத் தட்சிணை உங்கள் மனம்போல. தொகை சொல்லிக் கேட்கும் இடத்தில் நான் சேர்க்க மாட்டேன்.

சுருதிப் பெட்டி உடனே வாங்க வேண்டாம். கைப்பேசியில் தம்பூரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வருடம் அதுவே போதும். பாட்டு நோட்டு ஒன்று, கோடு போட்டது, 200 பக்கம். அவ்வளவுதான் முதல் வருடச் செலவு.

வாத்தியம் என்றால் ஆசிரியர் சொல்லாமல் வாங்காதீர்கள். கடையில் பளபளவென்று இருக்கும் சின்ன மிருதங்கத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, அதில் சுருதி சேராமல் மறுபடி வாங்கியவர்களைத் தெரியும். வீணைக்குத் தஞ்சாவூர், நாதஸ்வரத்துக்குக் கும்பகோணத்தை அடுத்த நரசிங்கன்பேட்டை. செய்பவரிடமே நேரில் போய் வாங்கலாம். நரசிங்கன்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைந்தது, 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போகும்போது உங்கள் ஆசிரியரையோ மூத்த மாணவர் ஒருவரையோ கூட்டிப்போங்கள், ஊதிப் பார்க்க ஆள் வேண்டும். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிக்குத் தனிக் கணக்கு. அது தேயும், உடையும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரிய பொறி அரங்கேற்றம். இரண்டு வருடம் முடிந்ததுமே சிலர் பேச்சை ஆரம்பிப்பார்கள். மண்டபம், பக்கவாத்தியக்காரர்களுக்குச் சன்மானம், பட்டுப்புடவை, படம் பிடிப்பவர், சாப்பாடு என்று கடன் வாங்கும் அளவுக்குப் போய்விடும். பிள்ளை பாடிப் பழக மேடைதான் வேண்டுமென்றால் உங்கள் ஊர்க் கோயிலில் நவராத்திரி ஒன்பது நாளும் காலியாக இருக்கிறது. கேட்டால் மகிழ்ச்சியாகத் தருவார்கள். என் மகள் முதலில் பாடியது அங்கேதான், சுண்டல் வாங்க வந்த கூட்டத்தின் முன்னால்.

4. முதல் நாள் காதில் விழும் சொற்கள்

இங்கேதான் பலர் திரும்பிப் போகிறோம். இந்தச் சொற்களில் பாதி நாம் தினமும் பேசுபவை. அர்த்தம் மட்டும் வேறு.

கட்டை: ஹார்மோனியத்தில் விரல் வைத்து அழுத்துகிற கட்டை. எந்தக் கட்டையை முதல் ஸ்வரமான "ஸ" ஆக வைத்துப் பாடுகிறோமோ அதுதான் நம் சுருதி. வெள்ளைக் கட்டைகள் 1, 2, 3 என்று 7 வரை. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை, ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 5 முதல் 6, ஆண்களுக்கு 1 முதல் 2 பொருந்தும். "என்ன கட்டை?" என்று யாராவது கேட்டால், "நீங்களே பாடச் சொல்லிப் பார்த்துச் சொல்லுங்க" என்பதுதான் சரியான பதில். அதைக் கண்டுபிடித்துத் தருவது ஆசிரியர் வேலை. வகுப்பு முழுவதற்கும் ஒரே கட்டை என்று வைத்து, எட்டாத பிள்ளையைக் கத்தவிட்டால் உடனே சொல்லுங்கள். தொண்டை கெட்டுவிடும். ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும் வயதில் கட்டை மாறும், அப்போதும் பொறுமை வேண்டும்.

காலம்: நேரம் அல்ல, வேகம். "மூணு காலம் பாடு" என்றால் அதே பாடத்தை ஒரு வேகம், அதன் இரட்டிப்பு, அதற்கும் இரட்டிப்பு என்று பாட வேண்டும். தாளம் போடும் கை மாறாது, பாட்டு மட்டும் வேகமாகும்.

சங்கதி: ஊரில் "என்ன சங்கதி?" என்போமே, அது இல்லை. ஒரே வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அழகு கூட்டிப் பாடுவது.

மேளம்: இது நம்மைக் குழப்பியே தீரும். தஞ்சாவூர்ப் பக்கம் மேளம் என்றால் நாதஸ்வரமும் தவிலும். வகுப்பில் மேளம் என்றால் தாய் ராகம், மொத்தம் 72. பிள்ளைகள் முதலில் பாடும் மாயாமாளவகௌளை அதில் 15ஆவது.

இடம், எடுப்பு: பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது. "இடம் தள்ளி எடு" என்றால் நகர்ந்து உட்காரச் சொல்லவில்லை. முதல் தட்டு விழுந்தபின் கொஞ்சம் கழித்துப் பாடு என்கிறார்.

சாதகம் என்றால் பயிற்சி. சாகித்தியம் என்றால் பாட்டின் சொற்கள். ஆவர்த்தனம் என்றால் தாளத்தின் ஒரு சுற்று.

அப்புறம் ஆதி தாளம். இதை இன்றைக்கே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் போட முடியும். வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பிறகு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. என் மகள் முதல் வாரம் முழுவதும் மோதிரவிரலைத் தனியாக மடக்க முடியாமல் இடது கையால் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். மாமனார் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே அவரும் போட ஆரம்பித்தார்; இரண்டாவது நாளே சரியாக வந்துவிட்டது. நாற்று நடவுப் பாட்டுக்குக் கை அசைத்த மனிதருக்கு எட்டு எண்ண வராதா?

5. எடை போடுவதற்காகவே கேட்கும் கேள்விகள்

மேலே சொன்னவை வேலைக்கு வேண்டிய சொற்கள். இன்னொரு வகை உண்டு.

"யார்கிட்ட சிட்சை?" என்பார்கள். சிட்சை என்றால் பயிற்சி. ஆசிரியர் பெயரைச் சொல்லுங்கள், போதும். அவர் யாரிடம் படித்தார், அவருக்கு முன்னால் யார் என்று கேள்வி நீண்டால் பதில் தெரிய வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "பாணி" என்பது பாடும் முறை. "பாடாந்தரம்" என்பது ஒரு பாட்டைக் குருவிடம் கேட்டபடியே பாடும் வடிவம். ஒரே பாட்டு இரண்டு பாடாந்தரத்தில் இரண்டு விதமாக இருக்கும், இரண்டும் சரிதான். "உன் டீச்சர் தப்பாச் சொல்லிக்கொடுத்திருக்காங்க" என்று மற்றொருவர் சொன்னால் பிள்ளையைத் திட்டாதீர்கள். முதலில் டீச்சரிடம் கேளுங்கள்.

"வீட்டில் ஞானம் உண்டா?" என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. டெல்டாவில் கோயில் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் காது பழகித்தான் இருக்கிறது. ஓதுவார் மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் தேவாரம் பாடியதைக் கேட்டிருந்தால் நீங்கள் நீலாம்பரி ராகத்தைக் கேட்டுவிட்டீர்கள். பழம்பஞ்சுரம்தான் சங்கராபரணம், தக்கேசிதான் காம்போதி, கௌசிகம்தான் பைரவி. சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் மல்லாரி கேட்டு ஓடிவந்த பிள்ளைக்குக் கம்பீர நாட்டை ராகம் புதிதல்ல. பெயர் தெரியாது, அவ்வளவுதான். பெயரை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

வாய்ப்பாட்டு, வீணை, வயலின் என்றால் மரியாதை, நாதஸ்வரம், தவில் என்றால் "ஓ, கோயில் மேளமா?" என்று ஒரு இழுப்பு. அக்கா மகன் இதை நிறையக் கேட்டிருக்கிறான், சொந்தக்காரர்கள் வாயிலிருந்தே. சாதியை வைத்து வந்த இழுப்பு அது, வேறு காரணம் எதுவும் இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம் வாசித்த மண்ணில் இதைக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் பிள்ளைக்குத் தவிலில் ஆசை என்றால் தவிலில் சேருங்கள். கோயில், கல்யாணம் என்று வாசிக்கப் போகும் வாய்ப்பும் அதில் சீக்கிரம் வரும்.

6. தெலுங்கும் சமஸ்கிருதமும்

பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு மொழிகளில்தான் இருக்கும். "உச்சரிப்பு சரியில்லை" என்று பிள்ளைகளை அடக்குவது இங்கே அதிகம். வழி இருக்கிறது. தமிழில் அச்சாகும் பாட்டுப் புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளுக்கு மேல் சின்னதாக எண் போட்டிருப்பார்கள். எந்த "க" என்று அந்த எண் காட்டும். நோட்டில் எழுதும்போதே அந்த எண்ணையும் எழுதப் பழக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுக் கீழே எழுதச் சொல்லுங்கள். அர்த்தம் சொல்ல மறுக்கும் ஆசிரியரை நான் இதுவரை பார்க்கவில்லை, நாம்தான் கேட்பதில்லை.

தமிழ்ப் பாட்டும் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் எல்லாரும் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். "அதெல்லாம் துக்கடா" என்று ஒதுக்கினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துக்கடா என்பது கச்சேரியின் கடைசியில் பாடும் சின்ன உருப்படி. தமிழ்ப் பாட்டு எல்லாமே அந்தக் கணக்கில் வராது.

7. எத்தனை நாள் ஆகும்?

சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், அப்புறம் கீர்த்தனை. இதுதான் ஏணி. என் மகளுக்குக் கீதத்துக்கு வர ஒரு வருடம், வர்ணத்துக்கு வர மூன்றாவது வருடம். மூன்று மாதத்தில் கீர்த்தனை சொல்லித்தருகிறேன் என்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். இரண்டு வருடமாகச் சரளியிலேயே நிற்கிறது என்றாலும் கேள்வி கேளுங்கள்.

தினமும் காலையில் இருபது நிமிடம் போதும். தேர்வு மாதத்தில்கூடப் பத்து நிமிடமாவது பாடவிடுங்கள். அந்த ஒரு மாதம் முழுக்க நிறுத்தியதால் நாங்கள் அலங்காரத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இசைக்கும் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. வர்ணம் முடித்தபின் ஆசிரியரிடம் பேசி, அறிவிப்பு வரும் மாதத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

8. கச்சேரி கேட்கக் கூட்டிப்போங்கள்

பாட்டு கற்பதில் பாதி கேட்பதுதான். நம் பக்கத்தில் பெரும்பாலும் காசு கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி, ஐப்பசியில் தஞ்சைப் பெரிய கோயில் சதய விழா, ஊர் ஊராகக் கும்பாபிஷேகம், திருவிழா. மேடையில் ஒரே வரியை அந்த நேரத்துக் கற்பனையில் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகப் பாடினால் அது நிரவல்; சங்கதி முன்பே பாடம் பண்ணியது. ஸரிகம சொல்லிப் பாடினால் கல்பனா ஸ்வரம். மிருதங்கம் தனியாக வாசிப்பது தனி ஆவர்த்தனம். தனி வந்ததும் எழுந்து காபிக்குப் போகும் கூட்டத்தோடு நீங்களும் போகாதீர்கள். பக்கவாத்தியக்காரருக்கு அன்று கிடைக்கும் நேரமே அதுதான்.

கட்டாயம் ஒருமுறை திருவையாறு போக வேண்டும். தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும். அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். அங்கே சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் காலத்தில் பெண்களை அங்கே பாடவே விட்டதில்லை, அவர் போராடித்தான் அது மாறியது. இதை மகளிடம் பஸ்ஸிலேயே சொன்னேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு 13 கிலோமீட்டர்தான். ஆனால் அன்று கூட்டம் தாங்காது, விடியற்காலையே கிளம்பிவிடுங்கள். உட்கார ஒரு துண்டு, தண்ணீர், கைப்பிரதியாகப் பாட்டு வரிகள். முன்னால் வித்வான்கள் இருப்பார்கள், பந்தலில் பின்னால் எங்கே உட்கார்ந்தாலும் நன்றாகவே கேட்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம், ஐந்துமே ஆதி தாளம். வரி தெரியாவிட்டால் பரவாயில்லை, தாளம் போடுங்கள். நடுவில் விரல் தவறினால் முன்னால் இருப்பவரின் கையைப் பார்த்துக் காத்திருங்கள். அடுத்த சுற்றின் முதல் தட்டில் சேர்ந்துகொள்ளலாம்.